பழைய சோறா, இட்லியா, கூழா, பரோட்டாவா? இராமநாதபுரம் கடற்கரையின் காலைத் தட்டுகளை அருகருகே வைத்தால்

விடியற்காலை நாலு மணிக்குப் பாம்பன் தெற்குவாடியில் நாட்டுப்படகு ஏறுகிறவர் சாப்பிடுவதும் காலைச் சாப்பாடு. ஒன்பதரைக்கு இராமநாதபுரத்தில் அலுவலக நாற்காலியில் உட்காரப் போகிறவர் சாப்பிடுவதும் காலைச் சாப்பாடு. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் ‘காலை உணவின் பத்து நன்மைகள்’ என்று பட்டியல் போட்டால் இரண்டு பேருக்கும் உதவாது.

இங்கே எடுத்துக்கொண்டவை கரையில் நிஜமாகவே புழங்குகிற தட்டுகள்: பழைய சோறு, இட்லி, கேழ்வரகும் கம்பும் போட்ட கூழ், இடியாப்பம், பரோட்டா, டீக்கடை வடையும் பன்னும், பள்ளிக்கூட உப்புமா. ஒன்றும் சாப்பிடாமல் கிளம்புவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், பல பேர் அதைத்தான் செய்கிறார்கள். அளவுகள் சாதாரண வீட்டு அளவுகள். அகப்பை தாராளமாக இருந்தால் எல்லாம் கூடும்.

அரிசியா, கேழ்வரகா, மைதாவா என்று நடக்கிற சண்டையில் பாதி வீண். கிராம் கணக்கில் பார்த்தால் எல்லாத் தானியமும் கிட்டத்தட்ட ஒரே கலோரிதான், காய்ந்த மாவு 100 கிராமுக்கு 320-லிருந்து 360 வரை. எந்தத் தட்டு ஜெயிக்கிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கிற வெஞ்சனம், அதாவது தொட்டுக்கொள்வது.

வெறும் வயிற்றோடு கிளம்புவது

இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு மறுநாள் எட்டரைக்குச் சாப்பிட்டால் நடுவில் பன்னிரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் இரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் கல்லீரலில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து. பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், காலையில் முழுதாகத் தீர்ந்திருக்காது. அதனால் நோய்நொடி இல்லாத ஆள் ஒரு வேளை விட்டால் மயங்கி விழுவதில்லை.

‘காலையில் சாப்பிடாவிட்டால் உடம்பு பெருத்துவிடும்’ என்ற பேச்சுக்கு ஆதாரம் மெலிந்தது. 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 13 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு வந்தது. காலையில் சாப்பிட்டவர்கள் நாளுக்குச் சுமார் 260 கலோரி கூடுதலாகவே உள்ளே தள்ளினார்கள். சாப்பிடாதவர்களின் எடை அரை கிலோவுக்கும் குறைவான அளவில் இறங்கியிருந்தது. சோதனைகளின் தரம் சுமார்தான் என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். மறுபக்கம், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் ஒல்லியானவர்களை வைத்து ஆறு வாரம் நடத்திய சோதனையில், காலை 11 மணிக்குள் 700 கலோரி சாப்பிட்டவர்கள் தங்களை அறியாமலே கூடுதலாக நடமாடினார்கள், அதிலேயே நாளுக்கு 440 கலோரி அளவுக்கு அதிகமாகச் செலவழித்தார்கள். ஆக, எடைக்காகச் சாப்பிடவும் வேண்டாம், எடைக்காக விடவும் வேண்டாம்.

காலைச் சாப்பாட்டின் நிஜமான பலன் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, உடம்பு வேலை: வலை இழுக்கவும் உப்பளத்தில் வாரவும் தேவையான எரிபொருள். இன்னொன்று, இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். அது உள்ளவர்கள் காலையை விட்டுவிட்டு மதியம் அதே அளவு சாப்பிட்டால் மதியச் சர்க்கரை வழக்கத்தைவிட உயரமாக ஏறுகிறது. காலையில் கொஞ்சம் சாப்பிட்டிருந்தால் மதியத்துக்கான இன்சுலின் சுறுசுறுப்பாக வந்து நிற்கிறது.

சில பேர் விடவே கூடாது. வளர்கிற பிள்ளைகள், கர்ப்பிணிகள், இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை போடுகிறவர்கள். இந்த மூன்றாவது கூட்டத்துக்குக் கடலில் ஆபத்து அதிகம். கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் இவைதான் சர்க்கரை தாழ்வதன் அடையாளம். படகில் வியர்ப்பதும் தடுமாறுவதும் சகஜம் என்பதால் பக்கத்தில் இருப்பவர் கண்டுகொள்ள மாட்டார். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று படகு ஏறக் கூடாது. ஏறினால் மடியில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, அதாவது 15 கிராம், பொட்டலமாக இருக்க வேண்டும். தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. கருப்பட்டியும் உதவும், ஆனால் கடித்து மென்று கரைய நேரமாகும்.

பழைய சோறு

இதில் செய்முறை என்று சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். கெடுவது அந்த அலட்சியத்தில்தான். இரவு ஏழு மணிக்கு வடித்த சோற்றை மூடி வைத்துவிட்டு, பத்தரைக்குப் படுக்கப் போகும்போது நினைவு வந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். சோறு வேகும் சூட்டிலும் சாகாத ஒரு நுண்ணுயிர் வித்து உண்டு, பேசில்லஸ் சீரியஸ். வெதுவெதுப்பான, புளிக்காத சோறு அதற்குப் பஞ்சு மெத்தை. அது விடும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பழைய சோற்றைக் காப்பாற்றுவது புளிப்பு. லாக்டிக் அமில பாக்டீரியா முந்திக்கொண்டு நீரைப் புளிக்க வைத்துவிட்டால் மற்றது தலையெடுக்காது. அதனால் பந்தயத்தில் நல்லதை முந்த விட வேண்டும்.

வடித்த ஒரு மணி நேரத்துக்குள், சோறு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தண்ணீர் விட வேண்டும். சோறு மூழ்கி மேலே இரண்டு விரல்கடை நிற்கட்டும். நேற்றைய நீச்சத்தண்ணியில் (சோறு ஊறிய புளித்த நீர்) ஒரு சின்னக் கரண்டி விட்டால் தயிருக்கு உறை போல வேலை செய்யும். மண்சட்டி கசிந்து குளிரும் என்பதால் நல்லது. பித்தளை வேண்டாம், புளிப்பு பட்டால் களிம்பு இறங்கும். சித்திரை, வைகாசி வெக்கையில் 7-8 மணி நேரம் போதும், மார்கழியில் 12 ஆகும். காலையில் இளம்புளிப்பு வாசனையும் பருக்கை பருக்கையாக நிற்கிற சோறும் இருந்தால் சரி. அகப்பையில் எடுக்கும்போது நூல் விட்டாலோ, வழவழத்தாலோ, மேலே இளஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ பொட்டு தெரிந்தாலோ சட்டியோடு கொட்ட வேண்டும், கழுவிச் சாப்பிடுகிற வேலை கூடாது.

கரைக்கே உரிய சிக்கல் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊரில் உவர்ப்பு. அதில் ஊற வைத்தால் உப்புப் போடாமலே உப்பு ஏறியிருக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் வாடை அடிக்கிற நாளில் புளிப்பு தாமதமாகும். கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றினால் குளோரின் கவலை தீரும். உவர்ப்பு மட்டும் கொதித்துப் போகாது, அதற்குக் குடத்துத் தண்ணீர்தான்.

அரிசியும் வித்தியாசம் காட்டும். இராமநாதபுரத்தின் பழைய ரகமான சித்திரைக்கார் சிவப்பரிசி நீரில் கிடந்தாலும் உருவம் கலையாது. தீட்டிய பச்சரிசி விடிவதற்குள் குழைந்து கஞ்சியாகிவிடும். புழுங்கலில் இன்னொரு லாபம்: நெல்லை அவிக்கும்போது மேல்தோலில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் ஓரளவு நிற்கும்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இருந்த இரும்பு, ஒரு இரவு ஊறினால் 73.91 ஆகிவிடும் என்பது. இரும்பு ஒரு தனிமம். சட்டியில் இல்லாததை பாக்டீரியா உருவாக்க முடியாது. நடப்பது இதுதான்: தானியத்தில் இரும்பைக் கட்டி வைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் புளிப்பில் உடைகிறது, இருக்கிற கொஞ்ச இரும்பு உடம்பில் சேர வழி திறக்கிறது. அதுவே நல்ல சேதிதான், அதை இருபது மடங்காக்கத் தேவையில்லை. குடலுக்கு நல்லது என்ற பேச்சில் சாரம் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக் குடல்நோய்ப் பிரிவு இதை ஆராய எடுத்துக்கொண்டதும் அதனால்தான். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடுகிறது, குடல் பாக்டீரியாவுக்கு அது தீனி.

ஆனால் சோறு சோறுதான். 100 கிராம் அரிசியின் பழையதில் சுமார் 345 கலோரி, புரதம் 7 கிராம். சர்க்கரை நோயாளிக்கு ‘பழையது ஏறாது’ என்பது தவறு. கொஞ்சம் மெதுவாக ஏறலாம், ஏறாமல் இருக்காது.

உப்புக் கணக்குதான் பழைய சோற்றின் பலவீனம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்வது 5 கிராம், ஒரு தேக்கரண்டி. கும்பாவில் (பழையது சாப்பிடும் கிண்ணம்) ஒரு சிட்டிகைக்குப் பதில் ஒரு கைவிரல் அள்ளல் கல்லுப்பு, தொட்டுக்கொள்ள உப்புக் கருவாடு 30 கிராம் (அதிலேயே 3 முதல் 5 கிராம் உப்பு), மேலே மோர் மிளகாய் இரண்டு என்றால் காலையிலேயே அன்றைய கணக்கு முடிந்தது. ஒரு லிட்டர் வியர்வையில் 2-3 கிராம் உப்பு வெளியேறும் என்பதால், வலை இழுத்து இரண்டு லிட்டர் வியர்த்தவருக்கு இது ஈடாகிவிடும். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அண்ணனுக்கு ஈடாகாது. அதே கும்பா, அதே கருவாடு. ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு இரத்த அழுத்தம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் இருப்பார்கள், கும்பா மட்டும் குறையாது. அந்த இரண்டு மாதம் சோற்றைப் பாதியாக்கி மோரைக் கூட்டுவது பலருக்கு அவசியம்.

அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது

காலைத் தட்டில் 15-20 கிராம் புரதம் இருந்தால் மதியம் வரை பசி தாங்கும். பரோட்டாவைத் தவிர்த்தால் தானியம் பெரும்பாலும் 6-7 கிராமுக்கு மேல் தருவதில்லை. மீதியை வெஞ்சனம்தான் தர வேண்டும். இந்தக் கரைக்கு அது கஷ்டமே இல்லை. ஆனாலும் மீன் மதியத்துக்கு என்று ஒதுக்கப்பட்டு, காலையில் வெங்காயமும் ஊறுகாயும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. சின்ன வெங்காயம் நல்லதுதான், புரதம் அல்ல.

உப்புப் போடாமல் மணலில் படாமல் வலைமேல் காய்ந்த நெத்திலிக் கருவாடு 20 கிராம், ஒரு பிடி: ஏறக்குறைய 12 கிராம் புரதம், முள்ளோடு மெல்வதால் கால்சியமும். வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் வறுத்து, தலையைக் கிள்ளி எடுத்து, இராமநாதபுரம் குண்டு மிளகாய் (2023-ல் புவிசார் குறியீடு பெற்றது) ஒன்றைக் கிள்ளிப் போட்டுச் சின்ன வெங்காயத்தோடு பிரட்டினால் முடிந்தது. உப்புக் கருவாடுதான் இருக்கிறது என்றால் வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊற வைத்து இரண்டு முறை அலச வேண்டும். மேலோட்டமாகக் கழுவினால் மணல் போகும், உப்பு போகாது.

நேற்றைய மீன் குழம்பு இதைவிட நல்லது, ஒரு நிபந்தனையோடு. இரவு படுக்குமுன் ஒரு கொதி, காலையில் குமிழி வரும்வரை ஒரு கொதி. புளி போட்ட குழம்பு அதுவரை தாங்கும். ஆனால் சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்கள் பிடித்ததிலிருந்து ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்திருந்தால் சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். அது கொதியில் அழியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, அரித்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். ‘எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது’ என்று சொல்கிறவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது மீன் அல்ல, அன்றைக்கு ஐஸ் இல்லாத பெட்டி.

மீனைத் தொடாத வீடுகளுக்கு, இராமேசுவரம் கோயிலைச் சுற்றி அப்படி நிறைய உண்டு, 30 கிராம் பாசிப்பயறு அவித்தால் 7 கிராம், ஒரு டம்ளர் கெட்டி மோர் 4-5 கிராம். முட்டை ஒன்றுக்கு 6.

இட்லி

இட்லிக்கு இருக்கிற பெயர் கொஞ்சம் கூடுதல், ஆனால் தப்பான பெயர் அல்ல. வீட்டு இட்லி நாலு: 60 கிராம் அரிசியும் உளுந்தும், 210 கலோரி, 6-7 கிராம் புரதம், எண்ணெய் கிட்டத்தட்ட இல்லை. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவான லைசின் உளுந்தில் உண்டு, உளுந்தில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. அதனால் புரதம் அளவில் சிறிதானாலும் தரத்தில் முழுமை.

இது நாலுக்கு ஒன்று என்று உளுந்து போட்ட மாவுக்குச் சொன்னது. கடைப் பாக்கெட் மாவில் உளுந்தைக் குறைத்துச் சோடா உப்பால் உப்ப வைத்திருந்தால் கணக்கு மாறும். கண்டுபிடிப்பது எளிது: ஆறிய இட்லியை விரலால் அழுத்தி விட்டால் உளுந்து சரியாக இருப்பது மெல்ல எழும்பும், மற்றது குழி விழுந்து பொடியும். சோடா கூடினால் இட்லி மஞ்சள் பூக்கும், நாக்கில் சவுக்காரச் சுவை நிற்கும்.

கோடையில் கரையோரம் மாவு ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு எட்டுக்கு ஆட்டியதை அப்படியே விட்டால் விடியும்போது வழிந்து, மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும். ஆட்டும்போது குளிர்ந்த நீர், உப்பை ஆட்டியவுடனே போடுவது, பொங்கத் தொடங்கியதும் குளிர்பெட்டி. மின்வெட்டு உள்ள இரவில் ஒரு வேளைக்கு மட்டும் ஆட்டுவது நல்லது.

தேங்காய்ச் சட்னியோடு நாலு இட்லி பத்தரைக்கே பசி எடுக்க வைக்கும், சாம்பார் ஊற்றினாலும் ஒரு கரண்டியில் பருப்பு 10 கிராமுக்கு மேல் இருப்பதில்லை. அதே நாலு இட்லிக்கு மீன் குழம்பு என்றால் கதை வேறு. வாயில் பல் இல்லாத பெரியவர்களுக்கும் காய்ச்சலில் எழுந்தவர்களுக்கும் இட்லிக்கு இணை எதுவும் இந்தப் பட்டியலில் கிடையாது.

கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ்

கால்சியத்தில் கேழ்வரகுக்குப் பக்கத்தில் எந்தத் தானியமும் வராது: 100 கிராமில் சுமார் 344 மில்லிகிராம். ஒரு செம்பு கூழுக்கு 50 கிராம் மாவு, அதில் 170 மில்லிகிராம் கால்சியம், 164 கலோரி, புரதம் 3.6 கிராம் மட்டும். மோர் கரைத்தால்தான் தட்டு நிமிரும். கம்பில் இரும்பும் புரதமும் கேழ்வரகைவிடக் கூடுதல். 100 கிராமில் புரதம் 11 கிராம் அளவில்.

கூழ் அவசரக்காரர்களுக்கு ஆகாது. முதல் நாள் காலை மாவைத் தோசைமாவுப் பதத்தில் கரைத்துப் புளிக்க விட்டு, மாலையில் நொய்யை வேக வைத்து அதில் ஊற்றிக் கிண்டி, களியாக்கி ஆற வைத்து, மறுநாள் காலை உடைத்துக் கரைக்க வேண்டும். நொய் ஒரு பங்குக்கு மாவு இரண்டு பங்கு, தண்ணீர் எட்டுப் பங்கு. வெந்ததா என்று பார்க்க, கையை நீரில் நனைத்துத் தொட வேண்டும். ஒட்டாவிட்டால் இறக்கலாம், ஒட்டினால் பச்சை மாவு வாசம் மறுநாள் வரை விடாது, வயிறும் ஊதும். ‘உடனடிக் கூழ்’ என்று பச்சை மாவைக் கொதிநீரில் கரைத்துக் குடிப்பதில் புளிப்பு தரும் இரும்பு லாபம் இல்லை.

கம்பு மாவில் கொழுப்பு 5 சதவீதம். அரைத்த நாளிலிருந்தே அது கெடத் தொடங்கும், கரை ஈரத்தில் பத்து நாளில் கசக்கும். கம்பு கசப்பு என்று ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் ருசித்தது பழைய மாவைத்தான். ஒரு வாரத்துக்கு மட்டும் அரைப்பது உத்தமம்.

சர்க்கரைக்குக் கூழ் நல்லது என்பது இந்தக் கரையில் வேரோடிய நம்பிக்கை. நைசாக அரைத்து, குழைய வேக வைத்து, தண்ணீராகக் கரைத்துக் குடித்தால் கேழ்வரகும் இரத்தத்தில் வேகமாகத்தான் ஏறும். மெல்லுகிற களியும் முருங்கைக்கீரை போட்ட அடையும் அதைவிட மெதுவாக ஏறும். தானியம் மாறவில்லை, பதம் மாறியிருக்கிறது.

இடியாப்பம், பரோட்டா, டீக்கடை

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இடியாப்பத்துக்கு இரண்டு ஜோடி. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என்றால் இந்தப் பட்டியலிலேயே கடைசி இடம்: மாவு, கொழுப்பு, இனிப்பு மூன்றும் உண்டு, புரதம் 5 கிராம்கூடத் தேறாது. மீன் ஆணமோ (குழம்பு) முட்டையோ என்றால் முதல் மூன்றுக்குள் வந்துவிடும். நாலு இடியாப்பம் போதும், ஆவியில் வெந்தது என்பதற்காக எட்டு சாப்பிட்டால் எட்டின் மாவும் உள்ளே போகும். சிவப்பரிசி மாவில் பிழிந்தால் நார் கூடும், ஆனால் அச்சில் அறுந்து விழும். கொதிநீரில் பிசைந்து பத்து நிமிடம் ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் அறுபடாது.

பரோட்டாவை எல்லோரும் திட்டுகிறார்கள், ஒரு கணக்கு மட்டும் சொல்வதில்லை. இரண்டு பரோட்டாவில் மைதா 130-140 கிராம், அதில் புரதம் 13-14 கிராம். நாலு இட்லியைவிட இரட்டிப்பு. பிரச்சினை புரதத்தில் இல்லை. லைசின் குறைவு, நார் கிட்டத்தட்ட இல்லை, வீசி மடிக்கும்போது ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் எண்ணெய், அதன்மேல் சால்னா. இரண்டு பரோட்டா 550-600 கலோரியைத் தொடும். முதல் நாள் காலை கிளம்பி மறுநாள் காலை கரை திரும்பிய விசைப்படகுக்காரர் மீனை இறக்கிவிட்டுச் சாப்பிட்டால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குக் கடைக்காரர் நீட்டுவதும் கடையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பவருக்கு நீட்டுவதும் ஒரே பரோட்டா என்பதுதான் சிக்கல்.

டீக்கடையில் பன்னைவிட வடை மேல். உளுந்து வடை இரண்டில் 7-8 கிராம் புரதம் தேறும், எண்ணெய் புதிதாக இருந்தால். கறுத்து நுரைக்கிற சட்டியைப் பார்த்தால் அன்றைக்கு வேண்டாம். டீயை மட்டும் தள்ளி வைக்க வேண்டும்: சாப்பாட்டோடு குடித்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் தானியத்தின் இரும்பைக் கட்டிவிடும். ஒரு மணி நேரம் இடைவெளி. சோகை உள்ள பெண்களுக்கு இந்த ஒரு மாற்றமே சத்து மாத்திரையின் பலனைக் கூட்டும்.

பள்ளிக்கூட உப்புமா

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்ட் 25-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தில், ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம், உள்ளூர்க் காய்கறி. கூட்டிப் பார்த்தால் 9 கிராம் புரதம் வரும். அப்பா கடலுக்கும் அம்மா மீன் விற்கவும் விடியுமுன் போய்விட்ட வீட்டில் டீயும் ரஸ்க்கும் தின்று வருகிற பிள்ளைக்கு இது பெரிய ஏற்றம். வீட்டில் முட்டையோடு இட்லி சாப்பிடுகிற பிள்ளை இதற்காக அதை விட வேண்டியதில்லை, பள்ளியில் பாதித் தட்டு போதும். சாம்பாரை ஒதுக்கிவிட்டு உப்புமாவை மட்டும் தின்கிற பிள்ளைகள்தான் அதிகம். பருப்பு அந்தச் சாம்பாரில்தான் இருக்கிறது.

எவருக்கு எது

நாட்டுப்படகில் நாலு மணிக்குப் போகிறவர் அந்நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டால் அலையில் குமட்டும். கிளம்பும்போது மோர் விட்ட நீச்சத்தண்ணியும் கொஞ்சம் சோறும், தூக்குச்சட்டியில் மீதிச் சோறும் நெத்திலியும் ஏழு மணிக்கு. கடலோரத் தீவுகளில் பாசி எடுக்கிற பெண்கள் கண்ணாடி மாட்டி முங்க வேண்டியவர்கள். முங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி அல்லது ஒரு செம்புக் கூழ், மீதி கரையேறியதும். ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்களுக்கு நீர்க்கடுப்பு வருவதற்கு உணவால் மருந்து கிடையாது. குறைந்தது கூழும் நீச்சத்தண்ணியும் தண்ணீரையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோகின்றன. வலிநோக்கம் உப்பளத்தில் வாருகிறவர்களுக்குப் பழைய சோறு, உப்பு தாராளமாகவே இருக்கலாம், இரத்த அழுத்தம் இல்லாதவரை.

உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு மூன்று இட்லி, மீன் குழம்பு அல்லது முட்டை. பழையது ஆசை என்றால் பாதிக் கும்பா, கல்லுப்பு இல்லாமல், கருவாட்டுக்குப் பதில் மீன். நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடும் சஹரிலும் இதே ஒழுங்குதான்: இனிப்பு இடியாப்பம் பத்து மணிக்கே பசிக்க வைக்கும், முட்டையோ மீனோ மோரோ சேர்ந்த சோறு நின்று தாங்கும். உப்புக் கருவாட்டை அந்த மாதம் சஹரில் தொடாமல் இருந்தால் தாகம் குறையும்.

சர்க்கரை நோயாளிக்கு மட்டும் யாருடைய பட்டியலும் போதாது, அவரவர் உடம்பைக் கேட்க வேண்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு வாரத்தில் ஒப்பீட்டை முடித்துவிடலாம். இரண்டு நாள் இட்லி, இரண்டு நாள் கூழ், இரண்டு நாள் பழையது. மாத்திரை, நடை, முந்தைய இரவுச் சாப்பாடு மாறக் கூடாது. எழுந்ததும் ஒரு முறை குத்திப் பார்த்துக் குறித்துக்கொண்டு, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை, முடித்ததிலிருந்து அல்ல. 180-ஐத் தாண்டாத தட்டு அவருக்கான தட்டு. தாண்டினால் மறுநாள் தானியத்தைக் கால் பங்கு குறைத்து, வெஞ்சனத்தை முதலில் தின்று, அதன்பின் சோற்றுக்கு வந்தால் எண் இறங்குகிறதா என்று பார்க்கலாம், பெரும்பாலும் இறங்கும். குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்திருக்க வேண்டும். தேங்காய்ப்பாலில் சர்க்கரை கலக்கிய விரலைத் துணியில் துடைத்துவிட்டுக் குத்தினால் மீட்டர் காட்டுவது இரத்தத்தை அல்ல, இடியாப்பத்தை. மீட்டரின் சோதனைப் பட்டைகள் இருக்கும் குப்பியின் மூடியையும் எடுத்தவுடனே அடைக்க வேண்டும், கடல்காற்றின் ஈரம் ஏறினால் எண் தாறுமாறாக ஓடும்.